"ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது!"

மடலில் வந்த சுட்டியைத் தட்டினால், திறந்திருக்கும் ஃபயர்பாக்ஸிலேயே இன்னொரு டேபாக வந்து நிற்கிறது. இதிலென்ன பெரிய விஷயம் என்பீர்கள். ஆனால் லினக்ஸில் ஒவ்வொரு தட்டலுக்கும் புதிதாக ஒரு ஃபயர்பாக்ஸ் பிறக்கிறது. "வீட்டில் ஏற்கெனவே ஆள் உண்டா?" என்று பார்த்து, இருந்தால் சேதியைச் சொல்லிவிட்டு உயிரை விட்டுவிடுகிறது. இந்த மரியாதையை லினக்ஸ் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது.

ஒரே ஆள்தான் என்று ஏன் அடம்? நினைவகம் மிச்சம் என்பது சின்னக் காரணம். புக்மார்க், கடவுச்சொல், மடல் எல்லாம் சில கோப்புகளில்தான் கிடக்கின்றன. ஒரே சாம்பாருக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதையாக, இரண்டு நிரல்கள் ஒரே கோப்பில் எழுதினால் பல வருடச் சேமிப்பு பாழ்.

1994-ல் நெட்ஸ்கேப்பில் ஜேமி ஜவின்ஸ்கி ஒரு வழி செய்தார். எக்ஸ் விண்டோவில் எந்த ஜன்னல் மீதும் ஒரு துண்டுச்சீட்டை (பிராப்பர்ட்டி என்பார்கள்) ஒட்டலாம். ஜன்னலின் சொந்தக்காரருக்குத் தகவல் போகும். "இந்த முகவரியைத் திற" என்று அதில் எழுதினால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் நெட்ஸ்கேப் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசாமலிருக்க ஒரு பூட்டுச்சீட்டும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த எளிமை இது. ஓட்டை என்னவென்றால், அந்தத் திரையோடு தொடர்புள்ள எந்த நிரலும் கட்டளை போடலாம்!

வட்டிலும் ஒரு பூட்டு வைத்தார்கள். அதில் ஐபி முகவரியும் பிராசஸ் எண்ணும் இருக்கும். பல்கலைக்கழகங்களில் ஒரே ஹோம் டைரக்டரியைப் பல கணினிகளிலிருந்து திறப்பார்கள் என்பதால்தான் ஐபி. கரண்ட் போய்ப் பூட்டு மட்டும் மிஞ்சினால், அந்த எண்ணில் உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஆளுக்கொரு பாஷை வந்தது. க்னோம் கோர்பாவைப் பிடித்துக்கொண்டது. கேடிஈ அதைக் கைவிட்டு, 1999-ல் மத்தியாஸ் எட்ரிக்கும் பிரஸ்டன் பிரவுனும் எழுதிய டிகாப்பை 2000-ல் வந்த கேடிஈ 2-ல் சேர்த்தது. கேடிஈ நிரலும் க்னோம் நிரலும் ஒரே திரையில் இருந்தும் பேசிக்கொள்ள முடியாத நிலை.

இந்தப் பிளவை முடித்து வைத்தது டி-பஸ். 2002-ல் ஹேவக் பென்னிங்டன் முதலானோர் தொடங்கினார்கள்; 2006-ல் 1.0 வந்தது, 2008-ல் கேடிஈ 4-ம் டிகாப்பை விட்டு இதற்கு மாறியது. நடுவில் ஒரு நடுவர் இருக்கிறார். ஒரு பெயரை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் தருவார். பெயர் கிடைத்தவர் முதலாளி. கிடைக்காதவர் வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். ஜிலிப் 2.28 (2011) இதையே ஜிஅப்ளிகேஷன் என்று எல்லா நிரல்களுக்கும் பொதுவாக்கியது. வேலண்டில் அடுத்தவர் ஜன்னலில் சீட்டு ஒட்ட முடியாது என்பதால் ஃபயர்பாக்ஸும் அங்கே டி-பஸ்ஸைத்தான் நம்புகிறது.

சோதித்துப் பாருங்கள். ஜிஎடிட் திறந்திருக்கும்போது டெர்மினலில் மறுபடி ஜிஎடிட் என்று அடியுங்கள். உடனே அடுத்த கட்டளைக்கு டெர்மினல் தயாராகிவிடும். சேதி சொல்ல வந்தவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம் :-)