மின்காந்த இணக்கச் சோதனையில் அகலப்பட்டை ஆண்டெனாக்கள்

அகலப்பட்டை ஆண்டெனா என்பது குறிப்பிட்ட ஓர் அலைவரிசைக்கு மட்டுமன்றி, பரந்த அதிர்வெண் எல்லை முழுவதிலும் செயல்படும் ஆண்டெனா ஆகும். ஒரு மின்கருவி மற்றொன்றின் இயக்கத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் மின்காந்த இணக்கச் சோதனையில் இதுவே காது.

இத்தகைய காது ஏன் தேவைப்பட்டது என்பது சேலம், நாமக்கல் சமவெளியில் வானொலி கேட்டவர்களுக்கு எளிதில் விளங்கும். மேட்டூர் நீர்மின் நிலையம் 1937இலும், திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. மின்சாரமும் வானொலியும் ஒரே வீட்டுக்குள் வந்தபோது கரகரப்பும் கூடவே வந்தது. பக்கத்துக் கிணற்றில் மோட்டார் போட்டால் பாட்டுக்கு நடுவே ஒரு 'படக்'. பின்னர் தொலைக்காட்சி வந்த காலத்தில், தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் ஓடின. தீப்பொறி எழும் இடமெல்லாம் உரிமம் பெறாத ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம்தான். அது ஓர் அலைவரிசையோடு நிற்பதும் இல்லை. மத்திய அலை முதல் தொலைக்காட்சி அலை வரை எங்கும் சிதறுகிறது.

வானொலியே இந்தத் தீப்பொறியில்தான் பிறந்தது. ஹென்ரிக் ஹெர்ட்ஸ் 1887-88இல் தீப்பொறி இடைவெளியைக் கொண்டே மின்காந்த அலைகளை உண்டாக்கினார். ஆலிவர் லாட்ஜ் 1898இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையில், முனையோடு முனை நோக்கும் இரு கூம்புகளாலான ஆண்டெனாவின் படம் உள்ளது. கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ், 1897இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கினார். அலைகளைச் சேர்க்க அவர் பயன்படுத்திய புனல் வடிவக் குழாய்தான் இன்றைய கொம்பு ஆண்டெனாவின் முன்னோடி. அதன்பின் ஒரு நிலையம், ஓர் அலைவரிசை என்ற முறை நிலைபெறவே, எல்லாவற்றையும் கேட்கும் இந்த வடிவங்கள் நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தன.

வானொலி இடையூற்றை அளப்பதற்குப் பொது நெறி வகுக்கும் பன்னாட்டுக் குழுவான சிஸ்பர், 1933இல் பாரிசில் கூடிய மாநாட்டின் விளைவாக உருவானது. மீயுயர் அதிர்வெண்களை அளக்க நேர்ந்தபோது இசைவித்த இருமுனை ஆண்டெனா பயன்பட்டது. அதன் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி இருக்க வேண்டும். 30 மெகாஹெர்ட்சுக்கு 5 மீட்டர், 300 மெகாஹெர்ட்சுக்கு அரை மீட்டர். ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் கம்பியை நீட்டிச் சுருக்கி அளக்க வேண்டும். ஒரு கருவியைச் சோதிக்கவே பொழுது போய்விடும்.

அப்போதுதான் லாட்ஜின் கூம்புகள் திரும்பி வந்தன. கம்பிக் கூண்டுகளாகச் செய்யப்பட்ட இருகூம்பு ஆண்டெனா 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை கம்பியை மாற்றாமலே அளந்தது. அதற்கு மேல், 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டுஹேமல், இஸ்பெல் ஆகியோர் உருவாக்கிய மடக்கை-ஆவர்த்தன ஆண்டெனா. பார்வைக்கு நம் மொட்டைமாடிகளில் நின்ற மீன்முள் போன்ற தொலைக்காட்சி ஆண்டெனாவைப் போலவே இருக்கும். ஆனால் மாடியில் நின்ற யாகி வகையில் ஒரு கம்பி மட்டுமே பெட்டியோடு இணைந்திருக்கும். மற்றவை துணைக் கம்பிகள். மடக்கை வகையில் எல்லாக் கம்பிகளும் இணைக்கப்பட்டு, ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போகும். வரும் அலைக்கு எந்தக் கம்பிகள் பொருத்தமான நீளமோ அவையே அப்போது வேலை செய்யும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இஸ்பெலின் காப்புரிமை செல்லாது என்று ஒரு வழக்கில் தீர்ப்பான பிறகும், அதை வைத்து வேறொரு நிறுவனத்தின் மீது வழக்கு நடந்தது. முறையாக விசாரித்துச் செல்லாது எனப்பட்ட காப்புரிமையைக் கொண்டு மறுபடி பிறர்மேல் வழக்காடுவதைத் தடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் நெறி வகுத்தது இந்த ஆண்டெனாவால்தான்.

சோதனை சட்டமான பிறகே இவற்றுக்குப் பெரிய சந்தை ஏற்பட்டது. அமெரிக்கா 1979இல் கணினிக் கருவிகளுக்கு விதி கொண்டுவந்தது. ஐரோப்பாவின் 1989ஆம் ஆண்டு ஆணை 1996 முதல் கட்டாயமானது. கூம்பையும் மடக்கையையும் ஒரே தண்டில் சேர்த்த கலப்பு ஆண்டெனாவும் 1990களில் புழக்கத்துக்கு வந்தது. ஆண்டெனாவை நடுவில் மாற்றாமல் 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே ஓட்டத்தில் அளக்க முடிந்தது.

அளவீட்டில் நம்பகம் முழுவதும் 'ஆண்டெனா காரணி' என்ற எண்ணில் இருக்கிறது. ஆண்டெனா முனையில் தோன்றும் மின்னழுத்தத்தைக் கொண்டு, காற்றில் இருந்த புலத்தின் வலிமையைக் கணக்கிட உதவுவது அதுவே. தராசுக்கு முத்திரை போல, இந்த எண்ணும் காலந்தோறும் சரிபார்க்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்பணிக்கு முக்கியமான இடம் சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம். சமீர் 1984இல் மத்திய அரசின் மின்னணுத் துறையின்கீழ் தன்னாட்சி நிறுவனமாக அமைந்தது. ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் வண்டிகளையே சோதிக்கிறது. சேலத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்பவரும், வண்டிகளில் பொருத்தும் மின்னணுக் கருவி செய்யும் நாமக்கல்காரரும் இத்தகைய கூடத்துக்காக நெடுந்தூரம் போக வேண்டியுள்ளது. கருவி தேறாவிட்டால் திருத்திக்கொண்டு மறுபடியும் அதே பயணம். சிறு தொழிலுக்கு இது லேசான சுமை அல்ல. சில நேரங்களில் குறை ஒரு கம்பியில் மாட்ட வேண்டிய ஃபெரைட் வளையத்தில் முடிந்துவிடும். வடிவமைப்பின்போதே அதைக் கவனித்திருந்தால் செலவு மிச்சம்.

டீசல் லாரியில் தீப்பொறிச் செருகி கிடையாது. ஆனால் 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் நிலை ஆறு வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடு நிறைந்திருக்கிறது. அவை இரைச்சலை எழுப்பாதிருந்தால் மட்டும் போதாது, தாங்கவும் வேண்டும். தாங்கும் திறனைச் சோதிக்கும்போது அதே ஆண்டெனா கேட்பதை விட்டு, வலிய அலையை வண்டியின் மேல் வீசுகிறது.

மின்வண்டிகளால் அளவீடு கீழ் அதிர்வெண்களுக்கும் திரும்பியுள்ளது. 2020இல் வெளியான சிஸ்பர் 36 தரம், 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை வண்டியின் காந்தப்புலத்தை வளைய ஆண்டெனாவால் அளக்கச் சொல்கிறது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் இந்த எல்லைக்குள் வருகிறது.