பலமும் வனப்பும்

தடப்பள்ளி வாய்க்கால் பாயும் கோபிசெட்டிபாளையத்து வயல்களில் நெல்மூட்டையைத் தோளேற்றும் திறமே தேகபலத்துக்கு அளவுகோலாயிருக்க, தென்பாண்டிச் சீமையில் வழுவழுத்த இளவட்டக்கல்லை முழங்காலுக்கும் மார்புக்கும் ஏற்றித் தோள்வழியே பின்னே எறிந்தவனே வீரனெனப் போற்றப்பட்டான்.

தசையின் வனப்பைத் தனி லட்சியமாக்கியவர், 1905-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த யூஜின் சாண்டோ. எனினும், 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டியில், பருமன் மாத்திரமன்றி அங்கங்களின் சமச்சீரும் சரீர ஆரோக்கியமும் சேர்த்தே மதிப்பிடப்பட்டன. சாண்டோவின் பெயரையே பட்டமாகத் தாங்கிய கோயம்புத்தூர் சாண்டோ சின்னப்பா தேவர், தேகப்பயிற்சியில் உரம்பெற்றுத் திரையுலகம் புகுந்து, 1956-இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தைத் தயாரித்தார்.

மிகுபாரத்தைச் சிலமுறை தூக்கினால் பலம் ஓங்கும். மிதபாரத்தைப் பன்முறை தூக்கினால் தசை திரளும். பலத்தை அஸ்திவாரமாக்கி வனப்பை அதன்மேல் எழுப்புபவனுக்கு இவ்விரண்டும் விரோதமல்ல.