பிழையும் வழக்கும்: மன்னார்க் கரையோர எழுத்துமரபு பற்றிய ஒரு நோக்கு

தமிழ் எழுதுவோர் பிழைபட எழுதுகின்றனர் என்னும் முறைப்பாடு கற்றோர் மத்தியில் என்றும் ஓய்ந்ததில்லை. ரகர றகர வேறுபாடு தெரியவில்லை, ழகரம் எழுதவேண்டிய இடத்தில் ளகரம் எழுதப்படுகின்றது, வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகுவதில்லை என்பன அம்முறைப்பாட்டின் வழமையான உறுப்புகள். இவற்றைக் கண்டு முகஞ்சுழிப்பது புலமையின் அடையாளமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. முகஞ்சுழிப்பவர் யார், எவரது எழுத்தைக் கண்டு சுழிக்கின்றார் என்ற வினா மட்டும் அதிகம் எழுப்பப்படுவதில்லை. மன்னார்த் தீவையும் அதனை அடுத்துள்ள மாதோட்டக் கரையையும் களமாகக் கொண்டு அவ்வினாவை இங்கு எழுப்ப முனைகின்றோம்.

மாதோட்டத்தின் இரண்டு சொற்களிலிருந்து தொடங்கலாம். ஒன்று கோயிலின் பெயர்; மற்றையது கூத்தின் பெயர்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் கேதீச்சரம். ஈஸ்வரம் என்னும் வடசொல், தமிழ் நாவின் இயல்புக்கேற்பத் திரிந்து ஈச்சரம் ஆயிற்று. வடவெழுத்தை ஒழித்துத் தமிழெழுத்தோடு பொருந்தி வருவதை ஏற்கும் தொல்காப்பிய மரபுக்கு இது முற்றிலும் உடன்பாடானது. தேவார ஆசிரியர் பிழைபட எழுதினர் என்று இதுவரை எவரும் கூறியதில்லை. கூறத் துணியவும் மாட்டார்.

அதே மாதோட்டத்தின் கத்தோலிக்க மக்கள் ஆடிவந்த நாடகங்களுள் ஒன்று, என்றிக்கு எம்பரதோர் நாடகம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார் நாடகங்களைத் தேடிப் பதிப்பித்தபோது அச்சேறியவற்றுள் இதுவும் அடங்கும். எம்பரதோர் என்னும் சொல்லைக் கண்டதும் ஆங்கிலம் அறிந்தார் நகைப்பர். தூயதமிழ் விரும்புவோர் பேரரசன் என்று திருத்தக் கை நீட்டுவர். இரு சாராரும் தவறவிடுவது ஒன்றே. இச்சொல் ஆங்கிலத்தின் சிதைவு அன்று. இம்பெரதோர் என ஒலிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே தமிழ் வடிவம் பெற்று இங்கு நிற்கின்றது. போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றியது 1560இல். ஒல்லாந்தரிடம் இழந்தது 1658இல். அந்த ஒரு நூற்றாண்டின் சுவடு நான்கைந்து எழுத்துகளிற் படிந்துள்ளது. திருத்தினால் அச்சுவடு அழியும்.

நாடகத் தலைவனின் பெயர் இன்னும் சுவையானது. ஒருவர் என்றிக்கு என்பர். இன்னொருவர் எண்டிறீக்கு என்பர். இரண்டாவது வடிவத்தைக் கல்லாதார் கிறுக்கல் எனத் தள்ளிவிடுவது எளிது. ஆயின் ஈழத்துப் பேச்சில் என்று என்பது எண்டு ஆகின்றது. கன்று கண்டு ஆகின்றது. ஒன்று ஒண்டு ஆகின்றது. னகர றகரக் கூட்டம் ணகர டகரமாக மாறும் இவ்விதி மீறப்படாது இயங்கும் ஒலிவிதி. என்றிக்கைக் காதாற் கேட்ட ஒருவர் தம் நாவின் விதிப்படி எண்டி எனத் தொடங்கி, கேட்ட றகர ஒலியையும் விட மனமின்றி, எண்டிறீக்கு என எழுதினார் என்றே கொள்ளவேண்டும். இதில் இலக்கணம் இல்லை என்று கூறமுடியாது. இலக்கண நூலில் இல்லை என்று மட்டுமே கூறலாம்.

கேதீச்சரம் திரிபு, எண்டிறீக்கு பிழை. இரண்டையும் ஆக்கியது ஒரே மொழியியல் நிகழ்ச்சி. வேறுபடுவது எழுதியவரின் சமூக நிலையே.

அச்சின் வரலாறும் இதனையே சொல்கின்றது. அன்றிக்கே அடிகளார் 1549 அளவில் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப் படி, நன்னூலை நோக்கி எழுதப்பட்டதன்று. முத்துக்குளித்துறையில் மக்கள் பேசிய தமிழைக் காதாற் கேட்டு, அதன் வினை வடிவங்களை வரிசைப்படுத்திய நூல் அது. முத்துக்குளித்துறைப் பரதவரிற் பலர் மன்னார்த் தீவிற் குடியேறிய காலத்தில் அவரும் அங்கு பணியாற்றினார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிடுவித்த தம்பிரான் வணக்கத்தில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுத்தப்படவில்லை. இன்றைய ஆசிரியர் ஒருவர் அந்நூலைத் திருத்தப் புகுந்தால் சிவப்பு மையன்றி வேறெதுவும் தெரியாது. அன்றோ அது பிழையாகக் கருதப்படவில்லை. ஓலையில் எழுதியோரின் பொதுவழக்கு அதுவே. எகர ஏகார வேறுபாட்டைக் காட்டும் இன்றைய வடிவங்களை நிலைநிறுத்தியவர் என வீரமாமுனிவரைக் குறிப்பிடுவர். அது பதினெட்டாம் நூற்றாண்டுச் செய்தி.

ஆயின் பிழை இக்கருத்தில் எப்போது பிறந்தது? அச்சு, பாடசாலை, பரீட்சை, அரசாங்க உத்தியோகம் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் என்பது எமது கருத்து. ஈழத்தில் அம்மாற்றத்தின் பேராளுமை ஆறுமுக நாவலர் (1822–1879). மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம் அழிந்து கிடப்பதை 1872இல் சைவ மக்களுக்கு நினைவூட்டியவரும் அவரே. சந்தி பிரித்து, குறியீடிட்டு, சிறுவரும் வாசிக்கத்தக்க வசனம் எழுதியமை அவரது முற்போக்கான பங்களிப்பு. அதனை மறுப்பது வரலாற்றுக் குருட்டுத்தனம். எனினும் அவ்வசனத்தின் சமூகத் தளம் யாழ்ப்பாணத்து உயர்சாதிச் சைவக் கல்வியுலகம். அவ்வுலகின் தமிழ் அளவுகோலாகியபோது, மன்னார்க் கடற்றொழிலாளியின் தமிழும் கட்டுக்கரைக்குளத்துக் கமக்காரனின் தமிழும் அளக்கப்படும் பொருள்களாயின. 1960களின் தொடக்கத்தில் முற்போக்கு எழுத்தாளரின் பேச்சுவழக்கை இழிசனர் வழக்கு எனப் பண்டிதர் சிலர் சாடியபோது ஒலித்ததும் இதே அளவுகோலின் குரலே.

ஊர்ப்பெயர்களும் இதற்குத் தப்பவில்லை. தெற்கே முசலிப் பகுதியில் உள்ள கரையூரைச் சிலாவத்துறை என மக்கள் வழங்க, சிலாபத்துறை என்பதே சரி எனத் திருத்துவோர் உளர். இன்னும் ஆழமாகத் திருத்துவோர் முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் சொல்வரை செல்வர். வேர் காண்பது நன்று. ஆனால் உயிர்களுக்கிடையே பகரம் வகரமாக மெலிந்தது சுழியோடிகளும் சம்மாட்டிமாரும் நாள்தோறும் அப்பெயரைச் சொல்லிச் சொல்லித் தேய்த்ததால். அரசுக்குச் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்துவிட்டு மூன்றிலொரு பங்கோடு கரையேறியவர்கள் அவர்கள். பெயரிலேனும் அவர்களது உழைப்பின் தேய்மானம் மிஞ்சட்டுமே.

இங்கு ஒரு தப்பபிப்பிராயத்தைத் தவிர்க்கவேண்டும். பிழை என ஒன்றில்லை, எவரும் எவ்வாறும் எழுதலாம் என்பது எமது வாதமன்று. மொழி வர்க்கத்தின் தனியுடைமை அல்ல என்பதை 1950ஆம் ஆண்டு விவாதத்தில் ஸ்டாலினே வற்புறுத்தினார். அதற்கு முன்பே, 1935இல், சிறையிலிருந்த கிராம்சி இலக்கணம் பற்றி எழுதிய குறிப்புகளில், விதிமுறை இலக்கணத்தைத் தெரிவுசெய்வது ஓர் அரசியற் செயல் என்றார்; வட்டார மொழியோடு மாத்திரம் விடப்பட்டவர் பரந்த உலகிலிருந்து விலக்கப்படுவார் என்பதையும் சார்தீனியரான அவர் அறிந்திருந்தார். பேசாலையின் பிள்ளை வாழைக்கும் வாளைக்கும் எழுத்தில் வேறுபாடு கற்கத்தான் வேண்டும். அவனது வீட்டில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும்; வாளை மீனை வலையிற் கண்டவன் அதனைத் தோட்டத்தில் தேடப்போவதில்லை. அவனுக்கு அவ்வேறுபாட்டைக் கற்பிக்கலாம், அவமதிப்பின்றி.

கடுமையாக நோக்கவேண்டிய பிழை வேறிடத்தில் உள்ளது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழை அலுவலகத்திலிருந்து வெளியேற்றியது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அதன் பின்னரும் பொது இடங்களிலுள்ள மும்மொழிப் பலகைகளில் தமிழ் படும் பாடு யாவரும் அறிந்ததே. பேருந்து ஆசனத்தின் மேல் கர்ப்பிணித் தாய்மார் என்றிருக்கவேண்டிய இடத்தில் தகரம் நகரமாகி நாய்மார் என நின்ற படத்தைப் பத்திரிகைகளிற் கண்டிருக்கின்றோம். கொம்பு ஒருபுறமும் எழுத்து மறுபுறமுமாகச் சிதறிய சொற்கள் வேறு. எண்டிறீக்கு ஒரு நாவில் ஒலித்தது. நாய்மார் எந்த ஊரின் எந்த நாவிலும் ஒலிக்கவில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடமும் காட்டாமலே அது ஆணியடிக்கப்பட்டது. முன்னையது வழக்கின் பதிவு. பின்னையது புறக்கணிப்பின் பதிவு. எமது பண்டிதர் பலர் முன்னையதற்குக் காட்டிய சினத்தின் பாதியையேனும் பின்னையதற்குக் காட்டியதில்லை.

நாமும் அப்பண்டித மரபுக்குப் புறம்பானவர் அல்லர். 2005இல், உயர்தர வகுப்பு மாணவராயிருந்தபோது, மாதோட்டத்து அண்ணாவியார் ஒருவரின் கூத்துக் கொப்பியைப் பார்த்து எழுதித் தரும் வேலை எமக்குக் கிடைத்தது. தமிழிற் கெட்டிக்காரர் என்ற நினைப்பில், எழுதிக்கொண்டே திருத்தினோம். ரகரம் றகரமாயிற்று, ளகரம் ழகரமாயிற்று, தொங்கிநின்ற அடிகள் சந்தியோடு இணைந்தன. படித்துக் காட்டியபோது கிழவர் இரண்டு இடங்களில் நிறுத்தினார். “தம்பி, இதிலை தாளம் நிக்காது” என்றார். அவருக்கு எழுத்துத் தெரியவில்லை என்றே அன்று எண்ணினோம்.

2008இல் மன்னார்ப் பெருநிலப்பரப்பு மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்தக் கொப்பி தொலைந்தது. அண்ணாவியாரும் இன்றில்லை. எஞ்சியிருப்பது எமது திருத்திய படி மாத்திரமே. அதில் அரசனின் பெயர் தெளிவான எழுத்தில் என்றிக்கு என்றுள்ளது. மூலத்தில் எவ்வாறிருந்தது என்று எம்மால் இப்போது கூற இயலவில்லை.