டயருக்குள் கொஞ்சம் பால்

துவாஸில் சாலையோரம் கிடப்பவற்றைச் சொல்கிறேன்: வெடித்த லாரி டயர்களின் கம்பி இழைகள், கடைசல் பட்டறைகளின் இரும்புச் சுருள்கள், திருகாணிகள், பொட்டலம் கட்டும் உலோகப் பட்டைகளின் துண்டுகள். இங்கே சைக்கிள் ஓட்டுபவர்கள் இரண்டு வகை. விடுதியிலிருந்து வேலைக்குப் போகும் தமிழ், வங்காளத் தொழிலாளர்கள் ஒரு வகை. வார இறுதியில் இறுக்கமான உடுப்பு மாட்டிக்கொண்டு ராஃபிள்ஸ் மரீனா கலங்கரை விளக்கம் வரை மிதிக்கும் என்னைப் போன்றவர்கள் இன்னொரு வகை. பஞ்சர் ஆள் பார்த்து வராது.

அதனால்தான் டியூப்லெஸ்ஸுக்கு மாறினேன். என்னுடையது கிராவல் சைக்கிள், அதாவது தார் ரோட்டிலும் சரளைப் பாதையிலும் ஓடக்கூடியது. டயர் தேர்வில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. நம்ம ஊரில் சரளை என்றால் பெரும்பாலும் ரெயில் காரிடார்தான். 24 கிலோமீட்டர், பழைய மலாயன் ரயில்வே தண்டவாளம் கிடந்த இடம். (2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஓட்டிப்போனவர் ஜொகூர் சுல்தான். இப்போது அவர்தான் மலேசிய மாமன்னர்.) இறுகிய பொடிச் சரளைக்குப் பெரிய குமிழ்கள் தேவையில்லை. 40 மில்லிமீட்டர் அகலம், நடுவில் வழவழப்பு, ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழ்கள், கம்பி குத்தினால் தாங்க உள்ளே ஒரு பாதுகாப்பு அடுக்கு. எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. டியூப் இல்லாததால் காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐ வரை இறக்கலாம்; கல்லில் இடித்து டியூப் கிழியும் பயம் கிடையாது.

குழப்பம் சீலண்டில்தான். ஓட்டை விழுந்தால் உள்ளிருந்தே அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றும் திரவம் அது. இந்த அளவு டயருக்கு ஏறக்குறைய 90 மில்லி. சைக்கிளில் டியூப்லெஸ் பரவலானது ரொம்பப் பழைய கதை இல்லை. 1999இல் மவிக் முதலான நிறுவனங்கள் மலைச் சைக்கிளுக்கு யுஎஸ்டி என்ற தரத்தைக் கொண்டுவந்தன. 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டான்ஸ் நோடியூப்ஸ், சாதாரண ரிம்மையே நாடா ஒட்டி, வெள்ளைத் திரவம் ஊற்றி டியூப்லெஸ் ஆக்கலாம் என்று காட்டியது. அந்த வெள்ளைத் திரவத்தின் அடிப்படை இயற்கை ரப்பர் பால். இன்று கடையில் இருக்கும் சீலண்டுகளில் பலவும் அப்படித்தான்.

மரம் எதற்காகப் பால் சுரக்கிறது? பட்டையில் காயம் பட்டால் பால் கசிந்து, உறைந்து, காயத்தை மூடும். துளைக்க வந்த பூச்சியின் வாயும் ஒட்டிக்கொள்ளும். அதாவது பால் பிறவியிலேயே சீலண்ட். ரப்பர் தொழிலின் வரலாற்றையே இந்தக் காயத்தை மூட விடாமல் வைத்திருந்த வரலாறு என்று சொல்லலாம். அந்தக் கலை சீராக வகுக்கப்பட்டது இந்தத் தீவில்தான்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. பெரும்பகுதி இலங்கைக்குப் போக, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில கோல கங்சாருக்குப் போயின. மற்றவை பழைய தமிழர்கள் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்காவில் ஊன்றப்பட்டன. அதோடு பல வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888இல் ஹென்றி ரிட்லி இயக்குநராக வந்தார். பிரேசிலில் கோடாலியால் கொத்திப் பால் எடுப்பார்கள். வெட்டு ஆழமாகப் போய் மரம் கெடும். ரிட்லி பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, மறுமுறை புது இடத்தில் வெட்டாமல் அதே கோட்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவினார். உறைந்து மூடியிருந்த காயம் திறந்தது. அடுத்தடுத்த வெட்டில் பால் குறையவில்லை, கூடியது! மீன் எலும்பு வடிவில் கோடுகள் போடும் முறை இப்படித்தான் வந்தது. பைநிறைய விதையை வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களை நச்சரித்ததால் அவருக்கு ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர். கடைசியில் 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் நட்டார். ஏற்கெனவே 1888இல் டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயரைக் கொண்டுவந்திருந்தார். பின்னால் கார் வந்தது. அப்புறம் ரிட்லி யாரையும் நச்சரிக்க வேண்டியிருக்கவில்லை.

வரலாற்றுப் புத்தகங்களில் இந்த இடத்தில் ரிட்லியின் படம் போட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் சீவும் முறையைக் கண்டுபிடிப்பது வேறு, தினமும் சில நூறு மரங்களை அப்படிச் சீவுவது வேறு. இரண்டாவதைச் செய்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிந்தது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டிவரும் முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு அதையும் நிறுத்தியது. நடுவில் 1930களின் பொருளாதார மந்தத்தில் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ரப்பர் விலை விழுந்தால் முதலில் கழிக்கப்பட்டது ஆள்தான்.

என் பாட்டி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பதின்மூன்று வயதிலிருந்து பால் வெட்டியவர். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தார். தாத்தாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. நான் வீட்டு வராந்தாவில் சீலண்ட் பாட்டிலைத் திறந்ததும் உள்ளே இருந்தே கேட்டார், “என்னய்யா, பாலு வாடை அடிக்குது?” அமோனியா நெடி. விலையைச் சொன்னேன். “பாலை வெள்ளி குடுத்து வாங்குறியா!” என்று சிரித்தார். அப்புறம் அவராகவே சொன்னது: இருட்டோடு பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்கு ஓட வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். “கத்தி கட்டையில பட்டுச்சுன்னா மரத்துக்குப் புண்ணு. மண்டோர் பார்த்தா அன்னைக்கு ஏச்சுதான். படாம வெட்டுனா பாலு வராது.” பால் ஓடும் குழாய்கள் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கம், கட்டைக்கு மிக அருகில். மில்லிமீட்டர் கணக்கு. எங்கள் ஆலையில் அந்தத் துல்லியத்துக்கு அளவுகோல், சான்றிதழ், தணிக்கை எல்லாம் உண்டு. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் பாட்டி வெறும் கூலி.

விடியலுக்கு முன் வெட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. இரவில் இலைகள் நீரை அதிகம் இழக்காததால் பால்குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெட்டியதும் பீறிடும். வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கும். பாலில் லூட்டாய்டு என்ற நுண்பைகள் மிதக்கின்றன. வெட்டுவாயில் அவை உடைந்து ரப்பர் துகள்களைத் திரட்டி அடைப்பை உண்டாக்கும். சேகரித்த பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்க்கிறார்கள். காரத்தன்மையில் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு திரவமாகவே இருக்கும். அமோனியாவும், பாலைச் செறிவாக்கச் சுழற்றும் இயந்திரமும் சேர்ந்து அந்த நுண்பைகளை இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. மரம் வைத்திருந்த அடைக்கும் ஏற்பாடு போயிற்று. சீலண்ட் செய்பவர்கள் அதற்குப் பதிலாக நார், ரப்பர் துணுக்கு, மணல் போன்ற பொடி ஆகியவற்றைக் கலக்கிறார்கள். ஓட்டை விழுந்ததும் அவை அங்கே சிக்கி, பால் அவற்றைச் சுற்றி உறைகிறது.

இது தெரிந்தால் சீலண்ட் வாங்குவது சுலபம். வழியில் கரியமில வாயுக் குப்பியால் காற்றடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? அப்படியானால் ரப்பர் பால் வேண்டாம். அந்த வாயு பாலை உறையவைக்கும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். வாயு நீரில் கரைந்தால் லேசான அமிலம். தோட்டத்து ஆலையில் பாலைத் தகடாக்க ஊற்றியதும் அமிலம்தானே. அவர்களுக்குச் செயற்கைப் பொருளில் செய்த சீலண்ட் நல்லது. கைப்பம்பு வைத்திருப்பவர்களுக்குப் பால்தான் என் சிபாரிசு. சின்ன ஓட்டையைச் சட்டென்று அடைக்கும். அமோனியா குறைவானதாகப் பாருங்கள், சில டயர்களுக்கும் ரிம்களுக்கும் அது ஆகாது. நம்ம வெக்கையில் இரண்டு மாதத்துக்கு ஒருதரம் திறந்து பார்க்க வேண்டும். பெரிய கிழிசலை எந்தச் சீலண்டும் அடைக்காது. அதற்கு ரப்பர் திரி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

துவாஸிலிருந்து வீடு திரும்பும் வழி ஜூரோங். 1965இல் பிரிட்ஜ்ஸ்டோன் போருக்குப் பிந்தைய தன் முதல் வெளிநாட்டு டயர் ஆலையை அங்கேதான் திறந்தது; 1980இல் மூடியது. தீவில் இப்போது ரப்பர் தோட்டமும் இல்லை. ஆனால் உலகச் சந்தை டயர் ரப்பருக்கு விலை பார்ப்பது இன்றும் பெரிதும் சிங்கப்பூர்ப் பரிவர்த்தனையில்தான். பூமலையில் நட்ட அந்த முதல் மரங்கள் போய்விட்டன. கோல கங்சாரில் ஒன்று மட்டும் வேலி போட்டு நிற்கிறது. பாட்டியின் தோட்டம் செம்பனையாகிவிட்டது.

போன வாரம் டயரைக் கழற்றினேன். உள்ளே சீலண்ட் காய்ந்து தோலாகவும் உருண்டையாகவும் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் சைக்கிள்காரர்கள் இதை மூக்குச்சளி என்பார்கள். பாட்டி ஒரு உருண்டையை எடுத்து இழுத்துப் பார்த்தார். “கட்டிப்பாலு,” என்றார். மங்கில் உறைந்து கிடப்பதைத் தோண்டியெடுத்து, சாக்கில் போட்டு, தனியாக நிறுப்பார்களாம். விலை குறைச்சல். “இதை விட்டுட்டு வந்தா கிராணி கணக்குல எழுத மாட்டான்” என்று சொல்லிக்கொண்டே, மிச்சத்தையும் நகத்தால் சுரண்டி ஒரு தாளில் சேர்த்தார்.