கலங்கல்

1858 ஜனவரி 25ஆம் தேதி இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். சடங்குக்குப் புறப்படுமுன் தாய், தந்தை, மகள் மூவரும் போட்டோவுக்கு நின்றார்கள். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் டாகரோடைப் வகைப் படம் அது. எடுத்தவர் டி. ஆர். வில்லியம்ஸ். படத்தில் ராணியின் முகம் கலங்கியிருக்கிறது. தான் நடுங்கிக்கொண்டிருந்ததால் தன் உருவம் சரியாக விழவில்லை என்று அவரே நாட்குறிப்பில் குறித்திருக்கிறார். தொழில் என்ற அளவில் இது பழுது. ஆனால் மகளைப் பிரியும் தாயின் நிலையைத் தகட்டில் ஏற்றியது இந்தப் பழுதுதான்.

கல்யாண போட்டோவின் சரித்திரத்தை, படத்தில் எது கலங்குகிறது என்ற கேள்வியை வைத்தே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஆரம்பத்தில் கலங்கல் காலத்தின் விளைவு. 1840இல் யோசெஃப் பெட்ஸ்வால் வியன்னாவில் முகப்படத்துக்கென்றே ஒரு லென்ஸைக் கணக்கிட்டு அமைத்தார். கணக்குப் போட ஆஸ்திரியப் பீரங்கிப் படையின் ஆட்கள் உதவினார்கள். செய்து விற்றவர்கள் வோய்க்லாண்டர். எஃப் 3.6 என்ற அதன் திறப்பு அந்நாளில் பெரிய சாதனை. அப்படியும் மனிதன் அசையாமல் சிலையாக நிற்க வேண்டியிருந்தது. நிற்கச் சொல்கிறவன் ஒருவன், நிற்கச் சம்மதித்தவன் ஒருவன். படம் என்பது இருவருக்குமிடையே ஓர் ஒப்பந்தம். அசைந்தால் நஷ்டம் அசைந்தவனுக்கு.

ஒப்பந்தம் தளர்ந்தது தூரத்தால். 1891இல் இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் மீதேயும் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே டெலிபோட்டோ லென்ஸை அமைத்தார்கள். முன்னே ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகள், பின்னே விரிக்கும் கண்ணாடிகள். இதனால் குவியதூரத்தைவிடக் குழல் குட்டையாயிற்று. குவியதூரத்தை இஷ்டம்போல் மாற்றும் ஸூம் லென்ஸ் சினிமாவில் முதலில் புழங்கியது. 35 மி.மீ. ஸ்டில் காமிராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஸூம் 1959இல் வெளியான ஸூமார், 36 முதல் 82 மி.மீ. வரை. வடிவமைத்தவர் ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஃப்ராங்க் பாக். அதன்மேல் பொறித்திருந்த பெயர் அதே வோய்க்லாண்டர்.

ஸூமுக்குக் கண்ணாடிகள் அதிகம். ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் நூற்றுக்கு நாலு பங்கு ஒளி பிரதிபலித்து வீணாகும். முப்பது பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே போய்ச் சேராது. 1935இல் ஸைஸ் கம்பெனியின் ஸ்மகூலா பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டிராவிட்டால் இத்தனை கண்ணாடிகளை அடுக்குவதில் அர்த்தமே இருந்திராது. 1995இல் கானன் கொண்டுவந்த 70–200 மி.மீ., எஃப் 2.8 லென்ஸில் 18 கண்ணாடிகள் 15 தொகுதிகளாக இருக்கின்றன. 200 மி.மீ.க்கு இந்தத் திறப்பு வேண்டுமானால் ஒளி புகும் வாய் ஏழு சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. எடை ஒரு கிலோவுக்கு மேல் போவது அதனால்தான். இருந்தும் கல்யாண போட்டோகிராபர் கையை விட்டு இது இறங்குவதில்லை.

காரணம் எளிது. மங்கிய வெளிச்சமுள்ள சர்ச்சில் ப்ளாஷ் போடவும் பீடத்தை நெருங்கவும் பாதிரியார் அனுமதிக்காதபோது, கடைசி வரிசையில் நின்று மணப்பெண்ணின் கண்ணீரை எடுக்க வேறு வழியில்லை. அவளுக்குத் தெரியாமல் எடுத்ததால் அந்தக் கண்ணீர் நிஜம். பழைய குரூப் போட்டோவின் விறைப்பையும் வரவழைத்த புன்னகையையும் நினைத்தால் இதை லாபம் என்றே சொல்லவேண்டும். கருவியைக் குறை சொல்வது என் நோக்கமல்ல.

ஆனால் லாபத்துக்கு ஒரு விலை உண்டு. 200 மி.மீ.யில், எஃப் 2.8 திறப்பில், பதினைந்து அடி தூரத்து முகத்தை எடுத்தால் படத்தில் தெளிவாக விழும் ஆழம் நாலு அங்குலத்துக்கு மிகாது. மற்றதெல்லாம் வர்ணக் குழம்பு. இதைத்தான் அழகு என்று விற்கிறார்கள், வாங்குகிறோம். விக்டோரியாவின் படத்தில் கலங்கியவர் உணர்ச்சிவசப்பட்டவர். இப்போதோ உணர்ச்சிவசப்பட்டவள் இமைமயிர் எண்ணும்படி தெளிவாக இருக்கிறாள். கலங்கிப்போவது சுற்றி நிற்கும் உறவு. கலங்கல் காலத்திலிருந்து இடத்துக்கு மாறிவிட்டது. கல்யாணம் என்பதே நாலு பேர் பார்க்க நடப்பது. அந்த நாலு பேரை அழித்துத் தனி முகத்தைத் தூக்கிக் காட்டும் படம் எதற்குச் சாட்சி? பழைய குரூப் போட்டோவில் கலை இல்லை. ஆனால் தரையில் உட்கார்ந்த குழந்தைவரை எல்லோரும் இருந்தார்கள்.

இது வெறும் தத்துவமாக எனக்குப் படாததற்குக் காரணம் உண்டு. என் தம்பி கல்யாணத்தில், எங்கள் வழக்கப்படி, முதல் முடிச்சை அவன் போட, மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நின்று எங்கள் அக்கா போட்டாள். எடுத்த பையன் கெட்டிக்காரன். சாப்பாட்டு ஹால் வாசலிலிருந்தே எடுத்துவிட்டான். ஆல்பத்தில் அது முழுப்பக்கப் படம். பெண்ணின் கண்ணில் திரண்ட நீரில் மேடை விளக்குகூடத் தெரிகிறது. தோளுக்கு மேலே பழுப்பாக ஒரு வட்டம், அதில் ஒரு மினுக்கல். மூக்குத்தியாக இருக்கவேண்டும். இரண்டு வருஷம் கழித்து அக்கா போய்விட்டாள். மாலை போட்டு மாட்ட ஒரு படம் தேடியபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பக்கம்தான். பயன்படவில்லை.

விக்டோரியா நடுங்கியதாவது தகட்டில் இருக்கிறது. அக்கா அன்று அசையவே இல்லை. நாலு அங்குலத்துக்கு அப்பால் நின்றாள், அவ்வளவுதான்.