விதைத் தேயிலையும் வி.பி. மலையும்

பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போகிறவர்கள் இரண்டு விதமான மலைகளைப் பார்க்கலாம். ஒன்றில் செடிக்குச் செடி நிறம் வேறு, இலையின் அளவு வேறு. பக்கத்துச் செடி கொழுந்து விடும்போது இது சும்மா நிற்கும். அது விதைத் தேயிலை. மற்றது பாய் விரித்தாற்போல ஒரே பச்சை. அது வி.பி. மலை, அதாவது வெட்டுத்தண்டில் வளர்த்த தேயிலை. ஊவாத் தோட்டங்களின் வரலாற்றில் பாதியை இந்த வித்தியாசத்திலேயே சொல்லிவிடலாம். ஆனால், அதற்குக் கண்ணுக்குத் தெரியாத கலத்துக்குள் போய்வர வேண்டும்.

கோப்பியை இலைத்துரு நோய் அழித்த பிறகு, 1880களில் துரைமார் அவசர அவசரமாகத் தேயிலை விதை போட்டார்கள். அதே காலத்தில், 1882இல், ஜெர்மனியின் வால்தர் பிளெமிங் சலமாந்தர் குஞ்சுகளின் கலங்களுக்குச் சாயமேற்றி, கருவுக்குள் இழைகள் திரண்டு நெடுக்காகப் பிளந்து இரு பக்கமும் பிரிவதைப் படம் படமாக வரைந்து புத்தகமாக்கினார். நம் பிள்ளைகள் இன்று இழையுருப்பிரிவு என்று படிப்பது அதைத்தான். இங்கே விதை போட்டுக்கொண்டிருந்த எவரும் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

தேயிலைக் கலத்தில் 30 நிறமூர்த்தங்கள். பூவுக்குள் நடக்கும் ஒடுக்கற்பிரிவில் அவை சோடி சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, 15 ஆகக் குறைகின்றன. தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது அரிது. அயல் செடியின் 15 வந்து சேர வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் புதுக் கலவை. பழைய மலையில் எந்த இரண்டு செடியும் ஒன்றுபோல இல்லாததற்குக் காரணம் இதுதான். நட்டவர்களின் கவனக்குறைவு அல்ல.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டி.ஆர்.ஐ.) தொடங்கியது. தலவாக்கலை சென்ட் கூம்ஸில் 1930களில் வெட்டுத்தண்டு நடும் சோதனைகள் நடந்தன. நல்ல தாய்ச்செடியைக் கவ்வாத்து வெட்டி, புதிதாக வளர்ந்த வாதிலிருந்து ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் உள்ள சிறு துண்டை எடுத்து, நிழலில் ஈரமாக வைப்பார்கள். வெட்டுவாயில் முதலில் வெளிறிய தடிப்பு உண்டாகும், பிறகு வேர் வரும். அந்தத் தடிப்பு முழுவதும் இழையுருப்பிரிவின் வேலை. 30 நிறமூர்த்தங்களும் முன்கூட்டியே இரட்டித்திருக்கும், கருமென்சவ்வு மறையும், நுண்குழாய்களாலான கதிர் கலத்தின் குறுக்கே எழுந்து, ஒவ்வொன்றையும் மையப்பாத்தில் பிடித்து நடுவில் நிறுத்தி, இரு முனைகளுக்கும் இழுக்கும். விலங்குக் கலத்திலுள்ள புன்மையத்தி தேயிலைக்குக் கிடையாது. அது இல்லாமலே கதிர் அமைகிறது. கடைசியில் நடுவே கலத்தட்டு தோன்றி, ஓரங்களை நோக்கி வளர்ந்து சுவராகும். இரு பக்கமும் அதே 30. மாற்றமில்லை, கலப்பில்லை.

1958இல் வந்த தேயிலை மானியச் சட்டம் பழைய மலைகளைப் பிடுங்கி மீள்நடுகை செய்யப் பணம் கொடுத்தது. டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் மலைமலையாகப் பரவின. விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் வெட்டுத்தண்டுச் செடிக்கு ஆணிவேர் கிடையாது. கச்சான் காற்று வீசும் வறண்ட நாட்களில் விதைத் தேயிலையைவிட அது சீக்கிரம் வாடும். ஊவாவுக்கு இது சின்ன விஷயமல்ல. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வறட்சிதான் கொழுந்தின் வளர்ச்சியைக் குறைத்து, ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் வாசனையைக் கூட்டுகிறது. செடியை வாட்டுவதும் விலையை ஏற்றுவதும் ஒரே காற்று.

எல்லாச் செடியும் ஒரே செடியாக இருப்பதில் இன்னொரு ஆபத்து: ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது மலைகள் பெரும்பாலும் விதைத் தேயிலையாக இருந்தன; எல்லாச் செடியும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை. தாங்கி நின்றவற்றைத் தேடிப் பொறுக்க இடமிருந்தது.

டி.ஆர்.ஐ. 2025ம்கூட வெட்டுத்தண்டில் பிறந்ததல்ல. ஏ.எஸ்.எம். 4/10 என்ற தாய்ச்செடியில் இயற்கையாக மகரந்தம் கலந்து விழுந்த விதையொன்றிலிருந்து வந்தது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தேர்ந்த செடிகளைக் கலந்து விதை எடுக்கிறார்கள். முளைக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை கழிபடும். தேறுகிற ஒன்றிரண்டு பல வருடச் சோதனைக்குப் பிறகே நர்சரிக்கு வரும்.