மின் கிதார் தெரிவு

மின் கிதார் தெரிவு என்பது புதிய மின் கிதார் ஒன்றை வாங்குபவர் அதன் அமைப்பு, ஒலி, இயக்கும் வசதி, விலை ஆகியவற்றை ஒப்பிட்டுத் தமக்குப் பொருந்தும் கருவியைத் தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும். மின் கிதாரின் ஒலி கருவி, கம்பிகள், பெருக்கி ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாவதாகும். எனவே கிதாரின் தோற்றத்தை மட்டும் கொண்டு தெரிவு செய்வது பெரும்பாலும் பொருத்தமற்றதாக அமைகிறது. பொருந்தாத கருவி விரல்களுக்கு வலியையும் சுருதிப் பிழையையும் தரும். கற்கத் தொடங்குவோர் பலர் அக்குறை தம்முடையது எனக் கருதிப் பயிற்சியைக் கைவிடுவதால் இத்தெரிவு முக்கியத்துவம் பெறுகிறது.

வரலாற்றுப் பின்னணி

காந்தச் சுருளைப் பயன்படுத்தி, வணிக அளவில் விற்பனைக்கு வந்த முதல் மின் கிதார்களில் ஒன்று, 1931இல் சியார்ச்சு பீச்சாம்ப் உருவாக்கிய "ஃபிரையிங் பேன்" என்னும் கருவியாகும். அலுமினியத்தால் ஆன இது மடியில் கிடத்தி வாசிக்கப்பட்டது. 1936இல் கிப்சன் நிறுவனம் உள்ளீடற்ற உடலைக் கொண்ட ஈ.எசு-150 மாதிரியை வெளியிட்டது. இவ்வகைக் கிதார்களில் ஓசையைக் கூட்டும்போது உடலும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடும் ஒலி எழுந்தது. திண்மமான மரத்தால் உடலை அமைப்பது இதற்குத் தீர்வாக அமைந்தது.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950இல் வெளியிட்ட திண்ம உடல் கிதார் 1951 முதல் டெலிகாசுட்டர் எனப் பெயர் பெற்றது. கிப்சன் நிறுவனம் 1952இல் லெசு பால் மாதிரியையும், ஃபெண்டர் நிறுவனம் 1954இல் சிட்ராட்டோகாசுட்டர் மாதிரியையும் வெளியிட்டன. இன்று விற்பனையாகும் திண்ம உடல் மின் கிதார்களில் மிகப் பல இம்மூன்றின் வழிவந்தவையே.

ஒலி உருவாகும் முறை

எஃகு அல்லது நிக்கல் கலந்த உலோகக் கம்பி அதிரும்போது, அதன் கீழுள்ள பிக்கப் என்னும் காந்தச் சுருளின் காந்தப்புலம் மாறுகிறது. இம்மாற்றம் சுருளில் சிறிய மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. இது மின்காந்தத் தூண்டல் ஆகும். பிக்கப்புகள் முதன்மையாக இரு வகைப்படும்.

ஒற்றைச் சுருள்: தெளிவும் கூர்மையும் கொண்ட ஒலியைத் தரும். ஆனால் அருகிலுள்ள மின்கம்பிகள், மின்மாற்றிகள் ஆகியவற்றின் இரைச்சலையும் ஏற்கும்.

இரட்டைச் சுருள்: அம்பக்கர் எனப்படும் இதனை 1955இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் வடிவமைத்தார். எதிரெதிர்த் துருவங்களும் எதிரெதிர்ச் சுற்றுகளும் கொண்ட இரு சுருள்கள் இணைக்கப்படுவதால், வெளி இரைச்சல் ஒன்றையொன்று நீக்கிக் கொள்கிறது. கம்பியின் ஒலி கூடுகிறது. இதன் ஒலி கனமானது.

மென்மையான தனிச்சுர வாசிப்பை நாடுவோர் ஒற்றைச் சுருளையும், பெருக்கியில் ஒலியைச் சிதைத்து வாசிக்கும் கன ராக் இசையை நாடுவோர் இரட்டைச் சுருளையும் பொதுவாக விரும்புவர். எவ்வகை இசை என முடிவு செய்யாதவர்களுக்குக் குதிரையின் அருகே இரட்டைச் சுருளும் பிற இரு இடங்களில் ஒற்றைச் சுருள்களும் கொண்ட மாதிரிகள் பொருந்தும்.

அளவுகள்

கம்பியின் அதிரும் நீளம் கையில் உணரக்கூடிய வேறுபாட்டைத் தருகிறது. சிட்ராட்டோகாசுட்டரில் இது ஏறத்தாழ 648 மில்லிமீட்டர். லெசு பாலில் ஏறத்தாழ 628 மில்லிமீட்டர். ஒரே தடிமன் கொண்ட கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது, நீளம் கூடிய கருவியில் இழுவிசை ஏறத்தாழ 6 விழுக்காடு அதிகமாகும். சிறிய கைகளை உடையோருக்குக் குறைந்த நீளம் எளிதாக அமையலாம். எனினும் லெசு பால் வகைக் கிதார்கள் 4 கிலோகிராமையும் தாண்டக்கூடும் என்பதால், நின்று வாசிப்போர் எடையையும் கருத வேண்டும்.

விரற்பலகையின் வளைவும் கவனிக்கத்தக்கது. பழைய ஃபெண்டர் மாதிரிகளில் வளைவின் ஆரம் 184 மில்லிமீட்டர். கிப்சனில் 305 மில்லிமீட்டர். ஆரம் சிறிதாகவும் கம்பிகள் தாழ்வாகவும் இருந்தால், கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது அடுத்த மெட்டுகளில் மோதி ஒலி நின்றுவிடும்.

மரங்கள்

உடலுக்கு ஆல்டர், ஆசு, மகோகனி ஆகிய மரங்களும், கழுத்துக்கு மேப்பிள், மகோகனி ஆகியவையும் பரவலாகப் பயன்படுகின்றன. திண்ம உடல் கிதாரின் ஒலியை மரம் எந்த அளவு மாற்றுகிறது என்பது குறித்து இசைக்கலைஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிக்கப், கம்பி, பெருக்கி ஆகியவற்றை மாற்றும்போது ஏற்படும் வேறுபாடு எளிதில் உணரத்தக்கது. எனவே அரிய மரம் என்பதற்காக மட்டும் கூடுதல் விலை தருவது தொடக்கநிலையில் தேவையற்றதாகும்.

விரற்பலகைக்குப் பயன்படும் இந்திய ஈட்டி மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வதாகும். 2017 சனவரியில் ஈட்டி மரப் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டது. அதன்பின் சில நிறுவனங்கள் மாற்று மரங்களுக்கு மாறின. 2019 நவம்பரில் முழுமையாக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. எனினும் பிரேசில் ஈட்டி மரம் 1992 முதல் கடுமையான முதற்பட்டியலில் உள்ளது. அம்மரம் கொண்ட பழைய கருவிகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்ல ஆவணங்கள் தேவைப்படும்.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

1. கழுத்து: தலைப்பகுதியிலிருந்து உடலை நோக்கிக் கழுத்தின் விளிம்பை நோக்க வேண்டும். சிறிய முன்வளைவை உள்ளிருக்கும் எஃகுத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். கழுத்து முறுக்கியிருந்தால் அக்கருவியைத் தவிர்ப்பதே நன்று.

2. மெட்டுகள்: ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இரைச்சல் எழுந்தால் அங்கு மெட்டு சீராக இல்லை எனலாம். மெட்டுகளின் முனைகள் கையைக் கீறக்கூடாது.

3. சுருதி: 12ஆம் மெட்டின் மேல் கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி கூடியிருந்தால் குதிரையிலுள்ள தாங்கியைப் பின்னோக்கி நகர்த்திச் சரிசெய்யலாம்.

4. பிரடைகள்: கம்பியைச் சிலமுறை இழுத்து வாசித்தபின் சுருதி நிற்கிறதா எனக் காண வேண்டும். புதிய கம்பிகள் தொடக்கத்தில் தளர்வது இயல்பு.

5. மின்பகுதி: பெருக்கியில் இணைத்து, ஒவ்வொரு குமிழையும் மாற்றியையும் இயக்கிப் பார்க்க வேண்டும்.

கம்பிகளின் இருபுறமும் பூட்டு கொண்ட மிதக்கும் குதிரையில் ஒரு கம்பியின் இழுவிசையை மாற்றினால் பிற கம்பிகளின் சுருதியும் மாறும். ஆதலால் இது தொடக்கநிலையினருக்குக் கடினமாக அமையலாம்.

விலையும் துணைக்கருவிகளும்

பெரிய நிறுவனங்கள் தம் புகழ்பெற்ற மாதிரிகளைக் குறைந்த விலைப் பெயர்களிலும் வெளியிடுகின்றன. ஃபெண்டருக்கு இசுகுவையர், கிப்சனுக்கு எபிஃபோன் ஆகியவை எடுத்துக்காட்டுகளாகும். ஒதுக்கிய பணம் முழுவதையும் கிதாருக்கே செலவிடாமல், பெருக்கி, இணைப்பு வடம், சுருதிமானி, மாற்றுக் கம்பிகள், கைதேர்ந்தவர் ஒருவர் கருவியைச் சீரமைக்கும் கூலி ஆகியவற்றுக்கும் ஒரு பகுதியை ஒதுக்குவது வழக்கம். சீரமைக்கப்பட்ட மலிவான கிதார், சீரமைக்கப்படாத விலையுயர்ந்த கிதாரைவிட வாசிக்க எளிதாக இருக்கக்கூடும். வீட்டுப் பயிற்சிக்குச் சிறிய பெருக்கியே போதுமானது.

வெளிநாட்டிலிருந்து வருவிப்போர் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட்டுக்கென மட்டும் அமைந்த பெருக்கியை இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் 230 வோல்ட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைத்தால் அது பழுதடையும். மின்கலமற்ற கிதாருக்கு இச்சிக்கல் இல்லை.

கருநாடக இசைக்கான தெரிவு

கருநாடக இசையை மின் கிதாரில் வாசிப்போர் உள்ளனர், ஆர். பிரசன்னா அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளதால், கமகங்களைக் கம்பியை இழுத்தும் விரலை வழுக்கியும் எழுப்ப வேண்டும். வீணையிலும் கம்பியை இழுத்துக் கமகம் எழுப்பப்படுகிறது. எனவே மெல்லிய கம்பிகளும், உயரமான மெட்டுகளும், வளைவு குறைந்த விரற்பலகையும் கொண்ட கருவி இவ்விசைக்குப் பொருந்தும். இத்தகையோர் கடையில் நாண்களை மட்டும் மீட்டிப் பார்ப்பதைவிட, தமக்குத் தெரிந்த ஒரு வர்ணத்தை மெதுவாக வாசித்துப் பார்த்துத் தெரிவு செய்வது பயனளிக்கும்.